ஆயிரத்து நானூறுக்குக் கீழே

1

அம்பாசமுத்திரத்திலிருந்து செல்வி ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறாள். செல்வி என் மனைவி கோமதியின் தம்பி மகள். திருநெல்வேலியில் ஒரு வங்கியில் வேலை. தை மாதம் கல்யாணம். அதற்குள் உடம்பைக் குறைக்க வேண்டுமென்று கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கி வைத்திருக்கிறாள். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"மாமா, எனக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு கலோரினு போட்டிருக்கு. நான் ஆயிரத்தோட நிறுத்திக்கிட்டா இன்னும் சீக்கிரம் கொறையும்லா? அத்தைக்கு நீங்கதான பாத்தீய. உங்களுக்கு இதெல்லாம் அத்துப்படியாச்சே."

இரண்டு முறை பதில் எழுதி இரண்டு முறையும் அழித்துவிட்டேன். அவள் என்னைக் கேட்டதில் தப்பில்லை. போன வருஷம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கோமதியின் எடை இறங்குகிற கோட்டைப் படமாகப் போட்டுப் பெருமையடித்தவன் நான்தான். அந்தப் படங்கள் திடீரென்று நின்று போனதை ஊரில் யாரும் கவனிக்கவில்லை. "கோமதிக்கு லேசா ஒரு மயக்கம், இப்ப பரவாயில்ல" என்று மட்டும் சொல்லி வைத்தோம்.

இங்கே கனடாவில் இலைகள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. அடுத்த வாரம் கந்த சஷ்டி தொடங்குகிறது. போன சஷ்டியில்தான் அது நடந்தது. எழுபத்து மூன்று வயதில் எனக்கு இப்போதுள்ள பயம் சாவைப் பற்றியது அல்ல. அது என்ன பயம் என்பது கடைசியில் தெரியும். செல்விக்கு மட்டும் சொல்லி விட்டுவிட மனமில்லை. ஊரில் இன்னும் எத்தனையோ பேர் இதே கேள்வியோடு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

2

கோமதிக்கு முழங்கால் தேய்ந்து பல வருஷமாயிற்று. முந்தின தடவை ஊருக்குப் போனபோது எல்லோருமாகப் பாபநாசத்துக்குக் குளிக்கப் போனோம். தண்ணீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுப் பெண்கள் எல்லாம் மஞ்சளும் சோப்புமாக இறங்கிவிட்டார்கள். கோமதி படித்துறையின் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு படி இறங்கிப் பார்த்தாள், முடியவில்லை. அவள் தம்பி பெண்டாட்டி, செல்வியின் அம்மா பார்வதி, செம்பில் தண்ணீர் மொண்டு வந்து அவள் காலில் ஊற்றினாள்.

"ஆறே மேல ஏறி வந்துட்டு, பாத்தியளா மதினி? உங்க மவுசு அப்படி!"

கோமதியும் சிரித்தாள். ஆனால் திரும்பி வரும்போது அம்பாசமுத்திரம் வரைக்கும் காரின் சன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அவள் அழுததை நான் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். அந்த அழுகைக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற வேகம் எனக்கு அங்கே பிடித்தது. நல்ல நோக்கத்தோடுதான் தொடங்கினேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அதனால் என் குற்றம் குறைவதாக நினைத்துச் சொல்லவில்லை.

இங்கே வந்ததும் எலும்பு மருத்துவரைப் பார்த்தோம். எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், பிறகு அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம் என்றார். ஓர் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். சின்னப் பெண். கோமதிக்கு எத்தனை வயது, எவ்வளவு உயரம், என்னென்ன மாத்திரை எல்லாம் கேட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு கலோரி என்று குறித்துக் கொடுத்தாள். இன்னும் ஏதோ விளக்கினாள். நான் தலையாட்டினேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் கோமதியின் ஆங்கிலம் கடைக்கும் பேருந்துக்கும் போதும், மருத்துவருக்குப் போதாது. அதனால் மருத்துவர் அவளைக் கேட்பார், நான் பதில் சொல்வேன். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, தூக்கம் வருகிறதா, எல்லாம் என் வாய்வழியாகத்தான் போகும். சில சமயம் அவளைக் கேட்காமலே சொல்லியிருக்கிறேன். அன்று ஆலோசகர் சொன்னதையும் நான்தான் கேட்டேன். எனக்குப் புரிந்த அளவுதான் அவளுக்கு வந்து சேர்ந்தது.

எனக்குப் புரிந்தது தப்பு. என் தொழில் பாரந்தூக்கிகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது. ஒவ்வொரு கிரேனிலும் ஓர் எண் எழுதியிருக்கும், இவ்வளவு டன்தான் தூக்கலாம் என்று. அந்த எண்ணைத் தொடவே கூடாது. எவ்வளவுக்கு எவ்வளவு கீழே நிற்கிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு நல்லது. வேலைக்காலம் முழுவதும் அந்த ஒரு பாடத்தைத்தான் இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆயிரத்து நானூறு என்று கேட்டதும் என் மனசு அதைக் கிரேனில் எழுதின எண்ணாகவே எடுத்துக்கொண்டது. அதற்குக் கீழே போனால் பத்திரம். இன்னும் கீழே போனால் இன்னும் பத்திரம்.

ஆயிரத்து நூறு என்று நானே வைத்துக்கொண்டேன். கோமதியிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

3

நானும் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கினேன். அதில் முதல் கேள்வி, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்பது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து கோமதி எவ்வளவு சாப்பிடுவாள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவள் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுவாள். அந்த நேரத்தில் நான் செய்தி பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த ஊருக்கு வந்து, எங்கள் மகள் வித்யா வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணமாகித் தனியாகப் போன பிறகு, வீட்டில் இரண்டே பேர் என்றான பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை.

அதை மாற்றியது நான். உணவுத் தராசு ஒன்று வாங்கினேன். இருவரும் சேர்ந்தே சாப்பிட உட்கார்ந்தோம். நான் நிறுத்துப் போட்டேன்.

"சாப்ட்டியானு ஒரு நாள் கேட்டது கிடையாது. இப்ப கிராம் கணக்குல கேக்கீய. நல்ல வேடிக்கைதான்" என்றாள்.

அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. கணவன் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுகிறான் அல்லவா? அந்தச் சந்தோஷத்தைத்தான் நான் கெடுத்தேன்.

செயலிக்கு எங்கள் சாப்பாடு தெரியாது. சொதி என்று தேடினால் வராது. தேங்காய் சூப் என்று போட வேண்டியிருந்தது. உளுந்தஞ்சோற்றைப் பருப்புப் புலாவு என்று போட்டேன். எது சரி என்று சந்தேகம் வந்தால் கூடுதலான எண்ணையே எடுத்துக்கொள்வேன். அதுவும் தொழிற்பழக்கம்தான். பாரம் எவ்வளவு என்று சந்தேகம் வந்தால் கூட்டித்தான் போட வேண்டும். ஆக, நான் ஆயிரத்து நூறு என்று குறித்த நாளில் அவள் வயிற்றுக்குள் போனது அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

ஒவ்வொரு நாளும் முடிவில் திரையில் மீதி என்று ஓர் எண் பச்சையில் வரும். எனக்கு அது பெரிய திருப்தி. அதை அவளிடம் காட்டுவேன். பரீட்சையில் முதல் வந்த பிள்ளையைப் போல அவளைப் பார்ப்பேன். இதையும் மறைக்கக் கூடாது. அவள் மனசில் பதிந்தது எண் இல்லை, என் முகம்தான். அதன்பிறகு அவள் தானாகவே குறைக்க ஆரம்பித்தாள். மூன்று தோசை வைத்தால் ஒன்றைத் திரும்பச் சட்டியில் போட்டுவிடுவாள்.

"பசிக்கலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"தல சுத்துதா?"

"வயசானா சுத்தத்தான் செய்யும். நீங்க எழுதுங்க."

எடை மளமளவென்று இறங்கியது. படத்தைக் குழுவில் போட்டேன். ஊரிலிருந்து பூங்கொத்துப் படங்களாக வந்து குவிந்தன. வித்யா ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள். அம்மாவோடு மட்டும் கொஞ்சம் தமிழ், அதுவும் பாதியில் நின்றுவிடும். ஒரு ஞாயிறு வீடியோவில் அம்மாவைப் பார்த்துவிட்டு, முகம் ஏன் இப்படிக் குழி விழுந்திருக்கிறது என்று கேட்டாள். உடம்பு குறைந்தால் முகமும் குறையும் என்றேன். மகளுக்கு அம்மாவிடம் மேற்கொண்டு கேட்கத் தமிழ் வரவில்லை. அம்மாவுக்குச் சொல்ல ஆங்கிலம் வரவில்லை. நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

4

ஐப்பசியில் சஷ்டி வந்தது. எங்கள் பக்கம் திருச்செந்தூர் முருகனுக்கு ஆறு நாள் விரதமிருப்பது பலர் வீட்டில் உண்டு. கோமதி கனடாவுக்கு வந்த பிறகும் விட்டதில்லை. பகலில் ஒன்றும் கிடையாது, சாயங்காலம் பாலும் பழமும்.

அவள் விரதம் என்று சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இந்த ஒரு வாக்கியத்தை எழுதத்தான் நான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன் என்று நினைக்கிறேன். அவள் கடவுளுக்காகப் பட்டினி கிடக்கிறாள், நான் அதை எடைக்கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அவளுக்குச் சர்க்கரை உண்டு. காலையில் ஒரு மாத்திரை. அதை எடுத்துக் கொடுப்பது நான். விரத நாளிலும் எடுத்துக் கொடுத்தேன். மாத்திரை சாப்பாட்டில் சேராது, அதனால் விரதம் கெடாது என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அவளுடைய அப்பாவும் அப்படித்தான் செய்வார். சாப்பாடு இல்லாமல் அந்த மாத்திரை உடம்புக்குள் என்ன செய்யும் என்று படித்தவன் நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மாத்திரையைத் தவறாமல் கொடுத்ததில் எனக்கு ஒரு கடமையுணர்ச்சிகூட இருந்தது.

ஐந்தாம் நாள் காலை அவள் நிலவறையில் துணி துவைத்துவிட்டு மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். நான் அடுக்களையில் நின்றேன்.

"பைய வா" என்றேன்.

"பையத்தான் வாரேன்" என்றாள். அந்தக் குரலே ஒரு மாதிரி குழறியது. பிறகு விழுகிற சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். படிகளுக்குக் கீழே துணிக்கூடையோடு கிடந்தாள். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. கன்னத்தைத் தட்டினேன், அசைவில்லை. கையைத் தூக்கினேன். அது என் கையிலிருந்து நழுவி விழுந்தது.

அவசர எண்ணைக் கூப்பிட்டேன். எதிர்முனையில் ஒரு பெண் ஏதோ கேட்டாள். நான் பதில் சொன்னேன். அவள் மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவைதான் எனக்குத் தெரிந்தது, நான் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறேன். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு தாயி, சீக்கிரம் வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் ஒரு சொல்கூட வரவில்லை. எத்தனையோ கூட்டங்களில் எழுந்து நின்று அந்த மொழியில் பேசினவன், கடைசியில் எங்கள் தெருப்பெயரை மட்டும் திரும்பத் திரும்பக் கத்தினேன்.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது. நரம்பில் மருந்து ஏற்றினார்கள். வண்டிக்குள் வைத்தே கோமதி கண் விழித்தாள். அவள் முதலில் கேட்டது என்னிடம்தான்.

"விரதம் கெட்டுப் போச்சோ?"

5

மருத்துவமனையில் அவர்களுக்குப் புரியவில்லை. மருந்து ஏற்றினால் சர்க்கரை ஏறுகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்குகிறது. விழுந்ததில் தலையில் அடிபட்டிருக்குமோ என்ற சந்தேகம் வேறு. ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று ஒரு மருத்துவர் கேட்டார். கேட்டது கோமதியை. வழக்கம்போல நான் வாயைத் திறந்தேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நோயாளியிடம் மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தான் பேச வேண்டும், குடும்பத்தார் கூடாது, இது எங்கள் விதி என்றார். தாதியிடம் கண்ணைக் காட்டினார். அந்தப் பெண் என்னை மரியாதையாகத்தான் வெளியே வரச் சொன்னாள். ஆனால் வெளியே என்பது ஒரு திரைக்கு அந்தப்பக்கம். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துப் பெண், நல்ல இதமான குரல்.

"அம்மா, உங்களுக்கு வீட்டில சாப்பாடு போதுமான அளவு கிடைக்குதோ?"

"கிடைக்கும்மா. எங்க வீட்டுல என்ன குறைச்சல்?"

"உங்கட கணவர் உங்களைச் சாப்பிட வேண்டாம் எண்டு எப்பவாவது சொன்னவரோ? பயப்படாமச் சொல்லுங்கோ, அவர் இஞ்ச இல்லை."

திரைக்கு இந்தப்பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. முதலில் கோபம்தான் வந்தது. என்னைப் பார்த்தா இப்படிக் கேட்பது? பெண்டாட்டிக்குச் சோறு போடாதவனா நான்? அந்தக் கோபம் ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. கேட்டதற்கு நேரான பதில் ஆமாம் என்பதுதானே.

கோமதி சொன்னாள்: "அய்ய, அவுக தங்கமானவுக. அவுகளாத்தான் எடுத்து வைப்பாக. எனக்குத்தான் பசியே கிடையாது. நேத்துகூட நல்லாத்தான் சாப்ட்டேன்."

முழுப் பொய். எனக்காகச் சொன்ன பொய். அந்தப் பெண் அதை ஆங்கிலத்தில் சொல்ல, மருத்துவர் அதை நம்பி, அப்படியானால் வேறு ஏதோ கோளாறு என்று அடுத்தடுத்த சோதனைகளை அடுக்கிக்கொண்டு போனார். மூளை, ஈரல், கணையம் என்று ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. நான் பேசாமல் இருந்தால் இவர்கள் இல்லாத நோயைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அதற்குள் அவளுக்கு மறுபடி இறங்கினால்? பேசினால் இந்த ஊரில் என்னை என்ன செய்வார்கள்? வயதானவர்களை வீட்டில் கொடுமைப்படுத்துவதைப் பற்றிய சுவரொட்டி ஒன்று எனக்கு நேர் எதிரே ஒட்டியிருந்தது. வழக்கு வருமா, வித்யா என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்று ஓடிய மனசை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவள் உயிர் ஊசலாடுகிறது, நான் என் பெயரைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றேன்.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அவள் சொல்வது உண்மையில்லை. அவள் அரைச் சாப்பாடுதான் சாப்பிடுகிறாள். குறைத்தது நான். ஐந்து நாளாகப் பகலில் ஒன்றுமே சாப்பிடவில்லை. மாத்திரையை மட்டும் நான் கொடுத்தேன்."

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. எந்த மாத்திரை, எந்த நேரம் என்று மட்டும் கேட்டார். அந்த மாத்திரை உடம்பில் நெடுநேரம் நின்று சர்க்கரையை இறக்கிக்கொண்டேயிருக்கும், அதனால்தான் மறுபடி மறுபடி இறங்குகிறது என்றார். அதன்பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. தொலைபேசியில் இருந்த பெண்ணுக்கு நான் பேசியது கேட்டிருக்கிறது. "ஐயா, நான் இதை அம்மாவுக்குத் தமிழில சொல்லட்டோ?" என்றாள். வேண்டாம், அவளுக்குத் தெரியும் என்றேன்.

கோமதி என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்னத்துக்கு இந்த வேல?" என்றாள். கோபமாகச் சொன்னாளா, பரிதாபமாகச் சொன்னாளா, எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அடுத்த நாள் ஒரு சமூகப் பணியாளர் வந்து என்னிடம் தனியாகப் பேசினார். வித்யா வந்தாள். நேராக அம்மாவிடம் போனாள். அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து ஆப்பிளை நறுக்கி ஒவ்வொரு துண்டாக வாயில் வைத்தாள். அந்த அறையில் நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன்.

6

செல்வி, உன் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது.

வீடு திரும்பிய பிறகு அந்த ஆலோசகரிடம் மறுபடி போனோம். இந்தத் தடவை மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று நானே கேட்டு வாங்கினேன். அந்தச் சின்னப் பெண் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினாள். கோமதியின் உடம்பு இப்போதிருக்கிறபடியே இருக்க இவ்வளவு வேண்டும். எடை பைய இறங்குவதற்காக அதிலிருந்து இவ்வளவைத் தான் அப்போதே கழித்துவிட்டதாகச் சொன்னாள். கழித்தது போக மிச்சம்தான் ஆயிரத்து நானூறு. அது கோமதி சாப்பிட வேண்டிய அளவு. அதற்குக் கீழே போவதற்காகக் கொடுத்ததல்ல.

முதல் தடவையும் இதைத்தான் சொன்னாளாம். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

கழித்ததிலிருந்து மறுபடி நான் கழித்தேன். அதிலிருந்து கோமதி கழித்தாள். எடை இறங்கியது உண்மை. இறங்கியதில் கொழுப்போடு தசையும் போயிருந்தது. தொடையில் வலு இல்லை, இந்தக் காலை வைத்துக்கொண்டு முழங்காலில் கத்தி வைக்க முடியாது என்று எலும்பு மருத்துவர் தள்ளிப் போட்டுவிட்டார். சீக்கிரம் என்று நான் செய்ததெல்லாம் அவளுடைய அறுவை சிகிச்சையைத் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

ஆகவே ஆயிரத்தோடு நிறுத்தாதே. உனக்குப் போட்டிருக்கிற எண் யார் போட்டது என்று முதலில் பார். செயலியே போட்டதென்றால் அம்பாசமுத்திரத்திலேயே ஒரு மருத்துவரிடம் கேட்டு அது உன் உடம்புக்குச் சரியா என்று தெரிந்துகொள். சரியென்றால் அந்த அளவைச் சாப்பிடு. ஒரு நாள் கொஞ்சம் கூடும், ஒரு நாள் கொஞ்சம் குறையும், அதற்காக மனசை வருத்திக்கொள்ளாதே. தலை சுற்றினால், கை நடுங்கினால், வயசு, வெயில் என்று சமாதானம் சொல்லாதே. வீட்டில் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவர்கள் யாராவது விரதம் இருப்பதாக இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் இருக்க விடாதே. அப்பாவிடமும் சொல். அவர் என்னைப் போலவே தெரிந்த மாதிரி தலையாட்டுவார்.

7

கோமதிக்கு உடம்பு தேறியது. ஆலோசகர் சொன்ன அளவு சாப்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன். தராசைத் தூக்கிப் போட்டுவிட்டேன். செயலியை அழித்துவிட்டேன். மருத்துவர் அறைக்கு நான் போவதில்லை, வாசலோடு நின்றுகொள்கிறேன். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த ஆனி மாதம் அம்பாசமுத்திரத்துக்குப் போயிருந்தோம். சாரல் நேரம். ஒரு நாள் மத்தியானம் மச்சான் வீட்டில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் அவியலும். செல்வி வங்கிக்குப் போய்விட்டாள். நானும் மச்சானும் சாப்பிட்டு எழுந்து முன்னறையில் உட்கார்ந்தோம். அவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். அடுக்களையில் பார்வதியும் கோமதியும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. கோமதியின் சிரிப்பு. அது அப்படித் தொண்டை திறந்து வந்து நான் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தேன்.

"ஏளா பார்வதி, அந்த அடிபிடிச்சதையும் சொரண்டிப் போடு. அதுலதான் ருசியே இருக்கு."

"உங்க தம்பிக்குனு எடுத்து வச்சிருக்கேன் மதினி."

"அவன் தின்னு கிழிச்சான். அவனுக்குப் பங்கு போட்டுப் போட்டுத்தான் சின்னதுலயே எனக்கு அடிப்பானை கிடைக்காமப் போச்சு. போடுளா!"

மறுபடி இருவரும் சிரித்தார்கள். தாகமாக இருந்தது. எழுந்து அடுக்களைப் பக்கம் போனேன். அந்தச் சிரிப்பை இன்னும் கொஞ்சம் பக்கத்திலிருந்து கேட்கும் ஆசையும் இருந்தது.

அடுக்களை நிலைப்படியில் நின்றேன். கோமதியின் தட்டு நிறைய சோறு. பார்வதி கரண்டியால் சுரண்டி அதன்மேல் வைக்கக் கையைத் தூக்கியிருந்தாள். கோமதி ஒரு கவளத்தை உருட்டி வாய்க்குக் கொண்டுபோனவள் என்னைப் பார்த்தாள்.

கை நின்றது. கவளத்தைத் தட்டில் வைத்தாள். இடது கையைத் தட்டின்மேல் குடை மாதிரி கவிழ்த்தாள். சின்னப் பிள்ளை எதையோ ஒளிப்பதுபோல.

"எனக்குப் போதும் பார்வதி" என்றாள்.

"என்ன மதினி, இப்பந்தான போடுன்னீய?"

"போதும்ங்கேன்லா."

பார்வதி கரண்டியோடு கோமதியைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு விவரம் ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

சாப்பிடு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் சாப்பிட்டிருப்பாள், நான் சொன்னதற்காகச் சாப்பிட்டிருப்பாள். அது எனக்குப் புரிந்தது.

"தண்ணி குடிக்க வந்தீயளா அண்ணாச்சி? எடுத்துத் தாரேன், இருங்க" என்று பார்வதி எழப்போனாள்.

"வேண்டாம்மா, நீ சாப்பிடு" என்று சொல்லிவிட்டு முன்னறைக்கு வந்துவிட்டேன். மச்சான் லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. அடுக்களையில் மறுபடி அந்தச் சிரிப்பு எழும்பும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் குழாயைத் திறந்து தட்டைக் கழுவுகிற சத்தம் கேட்டது.